கடைக்கு ஒரு மல்டிமீட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?



மளிகைக் கடையில் இன்று கரண்ட் இல்லாமல் நடக்கும் வேலை குறைவு. எலக்ட்ரானிக் தராசு, பில் மெஷின், இன்வெர்ட்டர், ஃப்ரீசர், கண்காணிப்புக் கேமரா என எல்லாமே மின்சாரத்தை நம்பி நிற்கின்றன. காலை வியாபார நேரத்தில் தராசு எரியவில்லை என்றால் கல்லாவும் நின்றுவிடும். கெட்டது தராசா, அடாப்டரா, உள்ளிருக்கும் பேட்டரியா என்று தெரியாமல் மூன்றுக்கும் செலவு செய்துவிடும் கடைகளைச் சூரமங்கலத்திலும் லீ பஜாரிலும் நாங்கள் பார்த்து வருகிறோம். கையடக்கமான ஒரு மல்டிமீட்டர் இருந்தால், எது கெட்டது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையாவது வாங்கினால் பணம் மட்டுமல்ல, உயிரும் போகக்கூடும். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மீட்டர் என்ன செய்கிறது?

கரண்டின் அழுத்தம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு, பாதையில் தடை எவ்வளவு என்ற மூன்றையும் ஒரே பெட்டியில் அளப்பதுதான் மல்டிமீட்டர். இங்கிலாந்தில் அஞ்சல் துறைப் பொறியாளரான டொனால்ட் மெக்கடி, மூன்று கருவிகளைச் சுமந்து திரிவதைத் தவிர்க்க உருவாக்கிய ‘அவோ மீட்டர்’ 1923-ல் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் முதலெழுத்துகளே ‘அவோ’. அன்று முள் காட்டியதை இன்று எண்கள் காட்டுகின்றன. மற்றபடி அடிப்படை அதேதான்.

விலைக்கு முன் பாதுகாப்பு

சந்தையில் சில நூறு ரூபாய்க்கே, மஞ்சள் நிறத்தில், நடுவில் பெரிய திருகுடன் மீட்டர் கிடைக்கிறது. பேட்டரி, அடாப்டர், செல் போன்ற குறைந்த வோல்ட் சோதனைக்கு அது போதும். பிளக்கிலும் மெயின் போர்டிலும் அதை நுழைப்பது வேறு விஷயம். நம் கடைகளுக்கு வரும் ஒற்றை பேஸ் இணைப்பு 230 வோல்ட். ஆனால் இடி மின்னலின்போதும், பெரிய மோட்டார்கள் ஓடி நிற்கும்போதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து வரும். அதைத் தாங்காத மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

இதற்காகவே உலக அளவில் ‘கேட்’ என்ற தரப் பிரிவு வைத்திருக்கிறார்கள். பிளக்கில் செருகும் சாதனங்களுக்குக் கேட் 2, கட்டடத்தின் உள்ளே உள்ள போர்டு, வயரிங்குக்குக் கேட் 3, வெளியிலிருந்து சர்வீஸ் ஒயர் வந்து சேரும் இடத்துக்குக் கேட் 4. ‘கேட் 2, 600 வோல்ட்’ மீட்டரை 4000 வோல்ட் திடீர் பாய்ச்சலில் சோதிக்கிறார்கள். ‘கேட் 3, 600 வோல்ட்’ என்றால் அது 6000 வோல்ட். கடைக்குக் கேட் 3, 600 வோல்ட் போதுமானது. மீட்டரில் மட்டும் இருந்தால் போதாது, அதனுடன் வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்களிலும் அதே தரம் அச்சிட்டிருக்க வேண்டும்.

அச்சிட்டதை எல்லாம் நம்பிவிடவும் கூடாது. ‘சி.இ.’ என்ற முத்திரை பெரும்பாலும் தயாரிப்பவர் தாமே போட்டுக்கொள்வது. யு.எல்., டி.யு.வி. போன்ற தனிச் சோதனைக் கூடத்தின் முத்திரை இருந்தால் கூடுதல் நம்பிக்கை. நாசிக்கின் மோட்வானே, ரிஷப், நவி மும்பையின் மெகோ போன்ற நம் நாட்டு நிறுவனங்களும் மீட்டர் தயாரிக்கின்றன. யாருடையதானாலும் ரசீதும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஃப்யூஸ். மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு அருகே ‘ஃப்யூஸ் இல்லை’ என்றே ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். சிவப்பு ஒயரை அந்தத் துளையில் மறந்து விட்டுவிட்டுப் பிளக்கில் வைத்தால், மீட்டர் வழியாகவே பேஸும் நியூட்ரலும் நேராகச் சேர்ந்துவிடும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா ஆம்பியர் துளைக்கும், மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ் உள்ள மீட்டராகப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் அதற்கு ஈடாகாது.

எத்தனை வசதி வேண்டும்?

நமக்கு வேண்டியவை ஏ.சி. வோல்ட், டி.சி. வோல்ட், ஓம், தொடர்பு இருந்தால் ‘பீப்’ ஒலிக்கும் வசதி, டையோடு சோதனை, கண்டன்சர் அளவு ஆகிய ஆறுதான். ரேஞ்சைத் தானே தேர்ந்துகொள்ளும் ‘ஆட்டோ ரேஞ்ச்’ இருந்தால் புதியவர்களும் தவறில்லாமல் பயன்படுத்தலாம்.

‘2000 கவுண்ட்’, ‘6000 கவுண்ட்’ என்று விற்பவர் சொல்வது நம் தராசில் 30 கிலோவுக்கு 5 கிராம் என்பது போல, எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதைக் குறிக்கும். நுணுக்கமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. 2000 கவுண்ட் மீட்டரே 12.64 வோல்ட் என்று காட்டும். கடைக்கு அது தாராளம். சரியாகக் காட்டுமா என்பதற்கு, உடன் வரும் தாளில் டி.சி. வோல்ட்டுக்கு அரை சதவீதத்தை ஒட்டிய பிழையளவு உள்ளதா என்று பாருங்கள்.

‘328’ சில்லு பொருத்திய சிறு சோதனைக் கருவி ஒன்றும் விற்பனையாகிறது. டிரான்சிஸ்டர், டையோடு, கண்டன்சர் எதைச் செருகினாலும் பெயர் சொல்லி அளவும் காட்டும். பழுது பார்ப்பவருக்கு அது நல்ல துணை. ஆனால் போர்டிலிருந்து கழற்றிய உதிரிபாகத்துக்கு மட்டுமே அது உதவும். சார்ஜ் இறக்காத கண்டன்சரைச் செருகினால் கருவியே போய்விடும். கடைக்கு மல்டிமீட்டர்தான் முதல் தேவை.

கடையில் எதற்கெல்லாம் பயன்படும்?

1. தராசு: அடாப்டரின் மேல் எழுதிய வோல்ட் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர், சுமை இல்லாதபோது கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அடுத்து பேட்டரி. பல தராசுகளில் 6 வோல்ட் ஈய பேட்டரி இருக்கும். சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து 6.3-க்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ். தராசைப் போட்டவுடன் சட்டென்று இறங்கினால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. பேட்டரி மூடியைத் திறக்கலாம், முத்திரையிட்ட பகுதியைத் தொடக்கூடாது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன்படி அந்த வேலை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருடையது. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை என்பதும் நினைவிருக்கட்டும்.

2. இன்வெர்ட்டர்: 12 வோல்ட் ஈய பேட்டரி, ஓய்வில் 12.6 முதல் 12.7 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-ஐ ஒட்டி இருந்தால் காலியாகிக்கொண்டிருக்கிறது. சார்ஜ் ஏறும்போது 13-க்கு மேல் போகவில்லை என்றால், புது பேட்டரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் சார்ஜரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. ஃபேன்: மெதுவாகச் சுற்றினால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்து, கழற்றி, சார்ஜ் இறக்கிய பிறகே அளக்க வேண்டும். 2.5 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியது 1.5 காட்டினால் மாற்றிவிடுங்கள்.

4. விற்பனைச் சரக்கு: பென்சில் செல் வெகு நாள் அலமாரியில் இருந்திருந்தால் 1.5 வோல்ட் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் முன்பே அளந்து கொடுங்கள். கடைக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆம்பியர் ரேஞ்சில் மட்டும் எந்தச் செல்லையும் பேட்டரியையும் அளக்காதீர்கள்.

சோதிக்கும் கருவியையும் சோதியுங்கள்

மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது என்பதால் ஒயரில் கரண்ட் இல்லை என்று அர்த்தமாகாது. மீட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம், திருகு தவறான இடத்தில் இருக்கலாம். ஆகவே, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த பிளக்கில் முதலில் வைத்துப் பாருங்கள். பிறகு சந்தேகமான இடம். முடிவில் மறுபடியும் அதே பிளக். மூன்றும் ஒத்துவந்த பிறகே ‘கரண்ட் இல்லை’ என்று சொல்லலாம். எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்க்கும் நமக்கு இது புதிய பாடமல்ல.

ஃப்ரீசர் உடலுக்கும் எர்த்துக்கும் இடையே 60, 80 வோல்ட் காட்டினால், அது ஆபத்தில்லாத நிழல் வோல்ட்டாகவும் இருக்கலாம், உண்மையான கசிவாகவும் இருக்கலாம். சாதாரண மீட்டரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கசிவு என்றே எடுத்துக்கொண்டு பிளக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீசியனை அழையுங்கள். குளிர்பானம் எடுக்க ஈரக் கையுடன் ஃப்ரீசரைத் தொடுவது பெரும்பாலும் சிறு பிள்ளைகள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.

மீட்டர் வாங்கும்போது கடையிலேயே நான்கு காரியம் செய்யுங்கள்: இரு ஒயர் முனைகளையும் தொட்டுப் பீப் ஒலி கேளுங்கள், புது செல் ஒன்றை அளந்து பாருங்கள், கேட் எண்ணைப் படியுங்கள், பின்மூடியைத் திறந்து ஃப்யூஸைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். நல்ல மீட்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், காரணம் தெரியாமல் மாற்றும் ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியின் விலைக்கு அருகில்கூட வராது.