பள்ளியில் உட்கார ஓர் இடம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த இரும்பை, மாகாளேசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றுப்புறமெங்கும் சவுக்கும் முந்திரியும் வளரும் செம்மண் பூமி. இத்தகைய ஊரின் தொடக்கப் பள்ளியில் மூளை முடக்குவாதத்தால் கைகால் விறைத்த குழந்தை ஒன்று வந்து சேருமாயின், அதனை எவ்வாறு உட்கார வைப்பது என்பதே ஆசிரியர்முன் நிற்கும் முதற் கேள்வியாகும். எழுத்தும் எண்ணும் அதற்குப் பிற்பட்டவை. தலை சாயாமல் காப்பதிலேயே வலிமை முழுவதையும் செலவிடும் குழந்தைக்குப் பாடத்தைக் கவனிக்க ஏது பலம்? சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்ட இத்தகைய குழந்தைகளை அறிவு குறைந்தவர் என்று எண்ணிவிடுவது நெடுங்காலப் பிழை.

சக்கர நாற்காலி வந்துவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். அஃது ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்வதற்கு உற்ற துணை. ஆனால் அதன் துணி இருக்கை நாளடைவில் தொய்ந்து, இடுப்பு ஒருபுறம் சரியும். அன்றியும், நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் 2007ஆம் ஆண்டையொட்டிப் பரவியது முதல், சிறு வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாய் அமர்ந்து படிப்பது வழக்கமாயிற்று. தோழர் யாவரும் தரையில் இருக்க, ஒரு குழந்தை மட்டும் உயரத்தில் தனித்திருந்தால், கைமாறும் அட்டை அதனிடம் வராது. காதோடு சொல்லும் வேடிக்கையும் வராது.

இதற்கு எளிய பரிகாரம் மூலை இருக்கை. இரு பலகைகளைச் சுவர் மூலைபோல் செங்கோணமாக இணைத்தால் முதுகுப்புறம் ஆயிற்று. அது தோள்களைச் சற்று முன்னே கொணர்வதால், இரு கைகளும் நடுவில் கூடும். எழுதுகோல் பிடிக்க இதுவே வேண்டும். தொடையின் பின்தசை இறுகிய குழந்தை காலை நீட்டி அமர்ந்தால் இடுப்பு பின்னோக்கிச் சாய்ந்து முதுகு கூனும். ஆகவே இருக்கையை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தி, முழங்கால் சிறிது மடங்க விடவேண்டும். வாரை வயிற்றின்மேல் கட்டலாகாது. இடுப்பெலும்பின் குறுக்காக, கீழும் பின்னும் இழுக்குமாறு கட்டவேண்டும். கட்டாயமாக அடக்கி வைப்பதற்கன்று அது!

உயர்ந்த வகுப்பில் நாற்காலி தேவைப்படின் அளவு முக்கியம். உட்காரும் பலகையின் ஆழம், இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தில் ஓரங்குலம் குறைவாக இருக்கட்டும். பாதம் தொங்கலாகாது, எட்டவில்லையெனில் பலகை ஒன்றை அடியில் இடுக. மேசை முழங்கை மட்டத்தில், உடல் பொருந்த அரைவட்டமாக வெட்டப்பட்டிருத்தல் நலம்.

மரத்திற்கு உள்ளூர்ப் பூவரசும் தச்சரும் போதும். சிம்பாப்வே நாட்டில் பெவில் பேக்கர் என்பவர் பழைய தாளையும் அட்டையையும் கஞ்சிப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, உறுதியான இருக்கைகள் செய்யும் முறையை வளர்த்தார். செலவு மிகக் குறைவு. ஆனால் ஐப்பசி மழையின் ஈரம் படாமல் காக்கவேண்டும், எலியும் விடாது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் தொண்டாற்றி வருகிறது. அதனை நிறுவிய எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர். நகரத்தை நாடாமல் கிராமத்திலிருந்தே இத்தகைய பணி இயலும் என்பதற்கு அச்சங்கம் சான்று.

எனினும் தச்சரும் ஆசிரியரும் தாமாகவே அளவெடுத்தல் தகாது. வட்டார வள மையத்தின் வாயிலாக இயன்முறை மருத்துவரையும் சிறப்பாசிரியரையும் முதலில் கலந்துகொள்க. பள்ளிகள் தக்க வசதி செய்து தருவதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கடமையாக்கியுள்ளது. ஆதலின் பெற்றோர் கேட்பது சலுகையன்று.

அரைமணிக்கு ஒருமுறை குழந்தையின் நிலையை மாற்றுக. தோலில் சிவப்பு தோன்றி, சிறிது நேரத்தில் மறையாவிடில், அவ்விருக்கையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டவேண்டும். குழந்தை வளரும், பலகை வளராது. ஆறு மாதத்திற்கொருமுறை அளவைச் சரிபார்த்து, அந்தத் தேதியை இருக்கையின் பின்புறத்திலேயே எழுதி வைப்பது நல்லது.