தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்: விழிப்புலனற்றோர் தொடுதிரைத் தொலைபேசியில் தட்டச்சுச் செய்தல்



உள்ளீட்டுச் சாதனங்கள் பற்றிக் கேட்டால் விசைப்பலகை, சுட்டி, தொடுதிரை என்று உடனே எழுதிவிடுவீர்கள். "கண் தெரியாத ஒருவர் தொடுதிரையில் எவ்வாறு எழுதுவார்?" என்று கேட்டால் பலர் "குரலால் சொல்லி எழுதுவார்" என ஒரு வரியில் முடித்து விடுகிறார்கள். அது முழுமையான விடை அன்று. இப்பாடத்தில் அதனைப் படிப்படியாக நோக்குவோம்.

1. பொத்தானும் கண்ணாடியும்

உங்கள் வீட்டில் பழைய பொத்தான் தொலைபேசி இருந்தால் 5 ஆம் இலக்க விசையைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். கணினி விசைப்பலகையில் எஃப், ஜே ஆகிய விசைகளிலும் இத்தகைய புடைப்பு உண்டு. இவற்றை அடையாளமாகக் கொண்டு ஏனைய விசைகளை விரலாலேயே கண்டுபிடிக்கலாம்.

தொடுதிரை வழுவழுப்பான ஒரு கண்ணாடி. அதில் புடைப்பு இல்லை. அத்துடன், பொத்தான் அழுத்தினால் மாத்திரமே வேலை செய்யும். தொடுதிரையோ தொட்டவுடனேயே வேலை செய்யும். தேடுவதற்காகத் தடவினாலே தவறான எழுத்து விழுந்துவிடும். எனவே பிரச்சினைகள் இரண்டு: விசை எங்கே உள்ளது எனத் தெரியாமை, தேடும்போதே விசை செயற்படுதல்.

2. தீர்வு: திரைவாசிப்பான்

திரையில் உள்ளவற்றைச் செயற்கைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள் திரைவாசிப்பான் எனப்படும். அப்பிள் நிறுவனம் 2009 ஆம் ஆண்டு ஐபோன் 3ஜிஎஸ் தொலைபேசியில் வொய்ஸ் ஓவர் என்னும் திரைவாசிப்பானை அறிமுகப்படுத்தியது. அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் உள்ள திரைவாசிப்பான் டோக்பக் ஆகும். 2011 இல் வெளிவந்த அண்ட்ரொயிட் 4.0 பதிப்பில் திரையைத் தடவி அறியும் வசதி சேர்க்கப்பட்டது.

இவை செய்த முக்கிய மாற்றம் ஒன்றே. அதனை நன்கு மனதிற் கொள்ளுங்கள்: தொடுதல் வேறு, தெரிவு செய்தல் வேறு எனப் பிரித்துவிட்டன.

• ஒரு விரலால் திரையைத் தடவினால் விரலின் கீழ் உள்ளது வாசிக்கப்படும், செயற்படாது.
• ஒரு விரலால் இரு முறை விரைவாகத் தட்டினால், இறுதியாக வாசிக்கப்பட்டது செயற்படும்.
• வலப்பக்கம் வழித்தால் அடுத்த உருப்படிக்கும், இடப்பக்கம் வழித்தால் முந்திய உருப்படிக்கும் செல்லலாம்.

அதாவது, முதலில் கேட்டல், பின்னர் உறுதிசெய்தல்.

3. எழுத்துகளை உள்ளிடும் முறைகள்

(அ) இரட்டைத் தட்டல் முறை
விசையைத் தடவித் தேட வேண்டும். "ம" என்று கேட்டதும் இரு முறை தட்டினால் எழுத்து விழும். பிழை குறைவு, ஆயின் வேகமும் குறைவு. புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது.

(ஆ) விரல் உயர்த்தும் முறை
விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் நகர்த்த வேண்டும். வேண்டிய எழுத்துக் கேட்டதும் விரலை உயர்த்தினால் அவ்வெழுத்து விழும். விசைகளின் இடம் ஓரளவு மனதில் பதிந்தவர்களுக்கு இது வேகமானது.

(இ) பிறெயில் முறை
லூயி பிறெயில் (1809 - 1852) பிரான்சைச் சேர்ந்தவர். மூன்று வயதில் ஏற்பட்ட விபத்தினால் பார்வையை இழந்தார். அவர் உருவாக்கிய முறையில் ஒவ்வோர் எழுத்தும் ஆறு புள்ளிகளுள் சிலவற்றால் ஆனது. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்களை ஆக்கலாம்.

தமிழ்ப் பிறெயிலில் "அ" என்பது புள்ளி 1. "க" என்பது 1, 3. "ல" என்பது 1, 2, 3. "ம" என்பது 1, 3, 4.

ஐபோனில் 2014 இலும் டோக்பக்கில் 2020 இலும் திரையிலேயே பிறெயில் எழுதும் வசதி வந்தது. தொலைபேசியைக் கிடையாக, திரை வெளிப்புறம் நோக்குமாறு இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். ஒரு கையின் மூன்று விரல்கள் 1, 2, 3 ஆகிய புள்ளிகளுக்கும், மறு கையின் மூன்று விரல்கள் 4, 5, 6 ஆகிய புள்ளிகளுக்கும் உரியவை. ஓர் எழுத்துக்குரிய புள்ளிகளை ஒரே நேரத்தில் தொட்டால் எழுத்து விழும். வலப்பக்கம் வழித்தால் இடைவெளி. இடப்பக்கம் வழித்தால் அழிப்பு. இங்கு விசையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பிறெயில் அறிந்த ஒருவருக்கு இதுவே பெரும் வசதி.

(ஈ) குரல்வழி உள்ளீடு
பேசுவதை எழுத்தாக மாற்றும் முறை. விரைவானது. ஆயினும் பஸ்ஸிலும் சந்தையிலும் இரைச்சலால் பிழைகள் நேரும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் மாறி விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதும் விடயம் அருகிலிருப்போர் காதுக்கும் போய்விடும்.

4. எழுதியதைச் சரிபார்த்தல்

தமிழ்ப் பாடத்தில் மயங்கொலிச் சொற்கள் படித்திருப்பீர்கள். "மனம்" என்றால் உள்ளம். "மணம்" என்றால் வாசனை. கண்ணால் பார்ப்பவருக்கு வேறுபாடு உடனே தெரியும். காதால் மட்டும் வாசிப்பவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே கேட்கக்கூடும். எனவே ஐயம் வரும் சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும். வொய்ஸ் ஓவரில் இரு விரல்களைத் திரையில் வைத்து, குமிழைத் திருப்புவதுபோல் சுழற்றினால் எழுத்து, சொல், வரி என வாசிக்கும் அலகை மாற்றலாம். பின்னர் மேல் அல்லது கீழ் வழித்து ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

5. அந்தரங்கம்

திரைவாசிப்பான் உரத்து வாசிக்கும்போது கடவுச்சொல்லும் பிறர் காதில் விழலாம். இதனைத் தவிர்க்க இயர்போன் பயன்படுத்துவர். வொய்ஸ் ஓவரில் திரையை முற்றாகக் கறுப்பாக்கும் வசதியும் உண்டு. தொலைபேசி இயங்கும்; பக்கத்தில் இருப்பவரால் திரையைப் பார்க்க முடியாது.

இதன் பெறுமதியைச் சிந்தியுங்கள். கடிதம் எழுதவும் வந்த கடிதத்தை வாசிக்கவும் இன்னொருவரை நாட வேண்டியிருந்த ஒருவர், இன்று தனது நண்பருக்குத் தானே எழுதி, பதிலையும் தானே வாசிக்கிறார். நடுவில் மூன்றாம் ஆள் இல்லை. விடையில் "சுயாதீனம்", "அந்தரங்கம்" என்ற இரு சொற்களையும் எழுதத் தவறாதீர்கள்.

6. எமது கடமை

எனது வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் படித்தார். நான் வழமைபோலக் கையால் எழுதிய குறிப்பைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "ரீச்சர், என்ர போன் இதைப் படம் எண்டு மட்டும்தான் சொல்லுது. எழுத்தா அனுப்புவீங்களா?" ஒரு பிழையும் இல்லாமல் தட்டச்சுச் செய்திருந்தார். எழுத முடியாதவர் அவர் அல்லர். வாசிக்கக்கூடியவாறு அனுப்பாதவர் நானே. அன்றிலிருந்து குறிப்புகளைத் தட்டச்சுச் செய்தே அனுப்புகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். படம் அனுப்பத்தான் வேண்டுமெனில் அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

இது தயவு அன்று, உரிமை. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம் 2006 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தகவலையும் தொடர்பாடலையும் அணுகும் வசதி பற்றி அதன் 9 ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை 2016 இல் இதனை ஏற்புறுதி செய்தது.

மாதிரி வினா

விழிப்புலனற்ற மாணவி ஒருவர் தொடுதிரைத் தொலைபேசியில் செய்தி எழுத விரும்புகிறார்.
(i) அவருக்கு உதவும் மென்பொருள் வகை யாது? (1 புள்ளி)
(ii) தொடுதிரையில் அவர் எதிர்நோக்கும் இரு பிரச்சினைகளைத் தருக. (2 புள்ளிகள்)
(iii) அவர் பயன்படுத்தக்கூடிய இரு உள்ளீட்டு முறைகளைச் சுருக்கமாக விளக்குக. (4 புள்ளிகள்)
(iv) பொது இடத்தில் குரல்வழி உள்ளீடு பொருத்தமற்றதாக இருப்பதற்கு இரு காரணங்கள் தருக. (2 புள்ளிகள்)

விடைக் குறிப்பு

(i) திரைவாசிப்பான்.
(ii) விசைகளைத் தடவி அறியப் புடைப்பு இல்லை. தொட்டவுடன் விசை செயற்படும்.
(iii) பகுதி 3 இலுள்ள எவையேனும் இரண்டு. பெயருக்கு 1, விளக்கத்துக்கு 1 வீதம்.
(iv) இரைச்சலால் பிழை நேரும், அந்தரங்கம் பேணப்படாது.

கவனிக்க: திரைவாசிப்பான் ஒரு மென்பொருள். அதனை "உள்ளீட்டுச் சாதனம்" என எழுதினால் புள்ளி கிடைக்காது.

செய்து பாருங்கள்: வீட்டாரின் அனுமதியுடன் தொலைபேசியின் அமைப்புகளில் திரைவாசிப்பானை இயக்குங்கள். அதனை நிறுத்தும் வழியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பின்னர் கண்களை மூடி உங்கள் பெயரைத் தட்டச்சுச் செய்யுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தது எனக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் செய்யுங்கள். பழக்கம் என்ன செய்யும் என்பதை உங்கள் விரலே உங்களுக்குக் கற்பிக்கும்.