ஏரி மீட்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

முசரவாக்கத்தையும் பக்கத்து ஊர்களையும் சேர்த்து, ஏரியும் மேய்ச்சல் நிலமும் பறவையும் மறுபடி தழைக்க ஒரு திட்டம் எழுதப் போகிறோம் என்றீர்கள். பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தை ஏரி மாவட்டம் என்றும் சொல்வோம். அந்தப் பேர் பொய்த்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் சில சொல்கிறேன்.

1. வரைபடத்தை விரிக்கும் முன் ஆட்களைக் கூட்டுங்கள். ஆயக்கட்டு விவசாயிகள் தாமாகவே வந்துவிடுவார்கள். ஆடு மேய்ப்பவர், மீன்பாசிக் குத்தகைக்காரர், பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோரை வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்பது மண்வெட்டி பிடித்த அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். மதகு திறந்து மூடிய நீர்க்கட்டி குடும்பத்துப் பெரியவரை ஓரமாக நிற்க வைத்து, தகவல் மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். முடிவெடுக்கும்போதும் அவர் இருக்கட்டும்.

2. ஒரு ஊரோடு திட்டத்தை முடிக்காதீர்கள். நம் ஏரிகள் சங்கிலித் தொடர். மேல் ஏரியின் கலங்கலில் வழிவதுதான் கீழ் ஏரிக்கு வரத்து. மேலே கலங்கலை உயர்த்தினால் கீழே நாற்று காயும். இரண்டு ஊரும் ஒரே பாயில் உட்காராமல் எழுதுகிற திட்டம் முதல் மழையிலேயே தகராறாகும்.

3. எந்த ஏரி யார் பொறுப்பு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பாருங்கள்.

4. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு 1798இல் எழுத்தாகவே பாதுகாப்பு வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பறவை மேல் பாசம் மட்டும் காரணமில்லை. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. பறவை இருந்தால் விளைச்சல் உண்டு என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதற்காகத்தான் பட்டாசு வெடிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பக்கத்தில், அதைக் காப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கட்டுப்பாட்டை மறுபடி யோசியுங்கள். 2020இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்க ஒரு முயற்சி நடந்து, எதிர்ப்பு வலுத்தபின் கைவிடப்பட்டது. அரசாணை இருந்தாலும் ஊர் விழித்திருக்க வேண்டும்.

5. கணக்கு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. அவற்றின்படி, குடவோலையில் ஆள் எடுத்து, ஏரி வாரியத்துக்கு 6 பேர், 360 நாள் பொறுப்பு. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது. இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிலமும் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் ஓலை இருந்தது. அந்தக் குறையை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். மண் எடுத்தது எத்தனை லோடு, மீன் குத்தகைப் பணம் எவ்வளவு, எல்லாம் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

6. சீமைக் கருவேலத்தை ஒரே வாரத்தில் பிடுங்கக் கிளம்பாதீர்கள். விறகுக்கும் கரிக்கும் அதை நம்பிய குடும்பங்கள் இருக்கின்றன. பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் வையுங்கள். வேடந்தாங்கலில் பறவை கூடு கட்டுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

7. பேசியதைத் தீர்மானமாக்குங்கள். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர் பதிவேடும் வேண்டும். அதைக் கணினி மையத்தில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அதையும் உட்படுத்தி 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. சுற்றியுள்ள ஊர்கள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நாளை நமக்கும் அப்படி ஒன்று வரலாம். அன்று காட்ட ஏடு வேண்டும்.

8. முதல் வருடம் பலன் தெரியாது. கூட்டத்துக்கு ஆள் குறையும். குறைந்தாலும் தேதியை மாற்றாதீர்கள்.

மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூடும். அதற்குள் மேல் ஏரி, கீழ் ஏரி ஊர்க்காரர்கள் சேர்ந்து வரத்துக்காலை மேலிருந்து கீழ்வரை நடந்து பாருங்கள். பார்த்ததைத் தீர்மானமாக எழுதிக்கொண்டு சபைக்கு வாருங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.