கோல்ஃபும் ஊக்கமருந்தும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோல்ஃப் ஆட்டத்துக்கும் ஊக்கமருந்துக்கும் சம்பந்தமே இல்லை என்னும் எண்ணம், அந்த ஆட்டத்தை ஆடுபவர்களிடம் மட்டுமன்றி, எப்போதாவது தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பவர்களிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. ஓட வேண்டியதில்லை, எதிராளியோடு மோத வேண்டியதில்லை, பையைச் சுமப்பதற்குக்கூடக் கூலிக்கு ஆள் உண்டு. இப்படிப்பட்ட ஆட்டத்தில் மருந்து எதைக் கூட்டிக்கொடுத்துவிடும் என்று கேட்பது மேலோட்டமாக நியாயமாகத் தோன்றினாலும், மருந்தியலின் அரிச்சுவடியைப் படித்தவர் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். ரசிகர்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பாதகமில்லை. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரே இந்த எண்ணத்தின் நிழலில் பல காலம் இளைப்பாறியது. ஒலிம்பிக்கில் 1968ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்ட ஊக்கமருந்துப் பரிசோதனை, அத்தொடருக்கு 2008 ஜூலையில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த ஓபன் போட்டியின்போது, ஒன்பது பெரும்பட்டங்களை வென்ற தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயர், கோல்ஃப் வீரர்கள் சிலர் ஊக்கமருந்து எடுப்பது தமக்குத் தெரியும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பெயர்களைச் சொல்ல அவர் மறுத்ததால், அவர் சொன்னதையே வதந்தி என்று ஒதுக்கிவிடுவது பலருக்கும் வசதியாகப் போயிற்று.

தவறு எங்கே தொடங்குகிறது என்றால், ஊக்கமருந்து என்றதும் 1988 சியோல் ஒலிம்பிக்கில் பிடிபட்ட பென் ஜான்சனின் திரண்ட தோள்களே மக்கள் மனத்தில் தோன்றுவதில்தான். மருந்து என்பது உடலை முறுக்கேற்றுவதற்கு மட்டுமே என்று எண்ணுபவர்கள், உடலை அடக்குவதற்கும் மருந்து உண்டு என்பதையும், சில ஆட்டங்களில் அந்த அடக்கமே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். ஒலிம்பிக் வரலாற்றில் தடைசெய்யப்பட்ட பொருளுக்காக முதன்முதலாகத் தகுதி நீக்கப்பட்டவர், 1968 மெக்சிகோ நகரில் ஐந்து விளையாட்டுகள் அடங்கிய நவீன பென்டத்லான் போட்டியில் பங்கேற்ற சுவீடன் வீரர் ஹான்ஸ் குன்னர் லில்யன்வால். அவர் உடலில் கண்டறியப்பட்டது தசை வளர்க்கும் மருந்தன்று, மது. துப்பாக்கி சுடும் பகுதிக்கு முன் நரம்பை அமைதிப்படுத்துவதற்காகப் பீர் குடித்ததாக அவர் கூறியதும், அவரது அணி வெண்கலப் பதக்கத்தை இழந்ததும் பதிவான செய்திகள். 2008 பெய்ஜிங்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜாங் சு ஒரு வெள்ளியையும் ஒரு வெண்கலத்தையும் பறிகொடுத்ததற்குக் காரணம், இதய நோயாளிகளுக்கும் இரத்த அழுத்தக்காரர்களுக்கும் அன்றாடம் எழுதித்தரப்படும் புரோப்ரனலால் என்னும் சாதாரண மாத்திரை.

புரோப்ரனலால், பீட்டா தடுப்பான்கள் எனப்படும் மருந்து வகையைச் சேர்ந்தது. அச்சமோ பரபரப்போ ஏற்படும்போது உடலில் சுரக்கும் அட்ரினலின், இதயத்திலும் தசையிலும் உள்ள பீட்டா ஏற்பிகள் என்னும் புரத அமைப்புகளைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது. நெஞ்சு படபடப்பதும் விரல் நடுங்குவதும் அதன் விளைவுகளே. பீட்டா தடுப்பான் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடுவதால், அட்ரினலின் சுரந்தும் பயனற்றுப்போகிறது. எந்த மனிதனின் கையும் முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை. நொடிக்கு 8 முதல் 12 முறை வரை நிகழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத உடலியல் நடுக்கம் ஒன்று எல்லாருக்கும் உண்டு என்பதும், பதற்றத்தில் அது பெருகுகிறது என்பதும், பீட்டா தடுப்பான் அந்தப் பெருக்கத்தைத் தணிக்கிறது என்பதும் பாடநூலில் உள்ள செய்திகள்.

இனி இதைப் புல்தரைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட கிரீன் என்னும் பகுதியில் பந்தை மெல்லத் தட்டி உருட்டுவதைப் பட்டிங் என்பர். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். அதாவது நடுவிலிருந்து விளிம்புவரை 54 மில்லிமீட்டர். பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கியிருக்கும் கோணமே. சமதளத்தில் நான்கு மீட்டர் தொலைவிலிருந்து தட்டப்படும் பந்து, புறப்படும்போது ஒரே ஒரு பாகை விலகினால், குழியை அடையும் வேளையில் அதன் நடுவிலிருந்து சுமார் 70 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும், அதாவது தவறிவிடும். பல லட்சம் டாலர் பரிசு அந்த ஒரு பாகையைப் பொறுத்திருக்கையில், கடைசிக் குழியில் ஆயிரக்கணக்கானோர் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கையில், விரலுக்கு எவ்வளவு அட்ரினலின் போய்ச்சேர்கிறது என்பது அற்பமான விஷயம் என்று ஒருவர் வாதிட்டால், அவர் பட்டிங் செய்துபார்த்தவராக இருக்க முடியாது.

இது வெறும் ஊகமன்று. 1986இல் வெளியான ஆய்வொன்றில், 33 கைத்துப்பாக்கி வீரர்களுக்கு மெட்டோப்ரலால் என்னும் பீட்டா தடுப்பானும், மருந்தற்ற போலி மாத்திரையும், எது எதுவென்று கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் தெரியாதவாறு மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. முழு மதிப்பெண்ணை எட்ட ஒவ்வொருவருக்கும் எவ்வளவு இடைவெளி இருந்ததோ, அதில் சராசரியாக 13.4 விழுக்காட்டை மருந்து நிரப்பியது. இதயத்துடிப்பு எவ்வளவு குறைந்தது என்பதற்கும் மதிப்பெண் எவ்வளவு கூடியது என்பதற்கும் தொடர்பு காணப்படாததால், பலன் கை நடுக்கம் குறைந்ததாலேயே வந்தது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். அந்த ஆய்வில் மிகத் தெளிவான முன்னேற்றம் கண்டவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், மிகத் தேர்ந்த வீரர்களே; திறமை உள்ளவனுக்கு மருந்து எதற்கு என்று கேட்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு முறை படிப்பது நல்லது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா, பீட்டா தடுப்பான்களை எல்லா விளையாட்டுகளிலும் தடை செய்யவில்லை. வில்வித்தை, துப்பாக்கி சுடுதல், பில்லியர்ட்ஸ், ஈட்டியெறி பலகை ஆட்டமான டார்ட்ஸ் போன்ற, கை நிதானத்தை நம்பிய சில ஆட்டங்களில் மட்டுமே தடை செய்திருக்கிறது, கோல்ஃப் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காரணமின்றி அங்கே போய் உட்காரவில்லை.

இதனால் மாத்திரை விழுங்கியவரெல்லாம் கோப்பையோடு வீடு திரும்புவார் என்பதும் இல்லை. துப்பாக்கி வீரர் நின்ற இடத்திலேயே நின்று சுடுகிறார். கோல்ஃப் வீரரோ நான்கு மணி நேரத்துக்கும் மேலாக மேடும் பள்ளமும் நடக்க வேண்டும், இடையிடையே முழு வேகத்தில் மட்டையை வீச வேண்டும். இதயத்துடிப்பை மட்டுப்படுத்தும் அதே மருந்து அசதியையும் கைகால் சில்லிடுதலையும் தரக்கூடியது என்பதால், கிரீனில் கொடுப்பதை நெடுந்தொலைவு அடியில் அது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பலனும் விலையும் சேர்ந்தே வரும் மருந்து என்று சொல்வது வேறு, மருந்துக்கு வேலையே இல்லை என்று சொல்வது வேறு.

முறுக்கேற்றும் மருந்துகளின் பக்கமும் கதை இதுவே. பிஜிஏ டூரில் முதல் அடியின் சராசரித் தொலைவு 1980இல் சுமார் 257 கெஜமாக இருந்து இப்போது 300 கெஜத்தை ஒட்டி நிற்கிறது. டைட்டானிய மட்டைகளும் மேம்பட்ட பந்துகளும் உடற்பயிற்சிக் கூடமும் இதற்குப் பெருங்காரணங்கள் என்பதால், இந்த ஏற்றத்தை முழுவதும் ஊக்கமருந்தின் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் மட்டையின் தலை சுழலும் அந்த வீச்சு, இடுப்பு முதுகெலும்பை உடல் எடையைப் போல் எட்டு மடங்கு வரை அழுத்துகிறது என்று அளந்திருக்கிறார்கள். அதை வாரம் முழுதும் நூற்றுக்கணக்கான முறை செய்யும் தொழிலில், தசையை வளர்ப்பதற்கு மட்டுமின்றிக் காயத்திலிருந்து விரைவில் மீளவும் டெஸ்டோஸ்டிரோன் போன்ற இயக்குநீர்கள் கவர்ச்சியாகத் தோன்றாது என்று நம்புவதற்கு வெள்ளை மனம் வேண்டும்.

கோல்ஃப் கனவான்களின் ஆட்டம், அங்கே வீரர் தம் தவற்றைத் தாமே சொல்லிவிடுவார் என்னும் வாதமும் கூடவே வரும். 1925 அமெரிக்க ஓபனில் பந்து அசைந்ததை வேறு யாரும் காணாதபோதும் பாபி ஜோன்ஸ் தமக்குத் தாமே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டு, இறுதியில் பட்டத்தையும் இழந்தது உண்மை, போற்றத்தக்கது. ஒருவர் நேர்மையாளராக இருந்ததைக் காட்டி ஒரு தொழில் முழுவதற்கும் நற்சான்றிதழ் எழுதுவது மட்டும் ஏற்கத்தக்கதன்று. பிடிபட்டவர் எண்ணிக்கை சொற்பம் என்பதும் சான்றாகாது, ஏனெனில் தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது. வளர்ச்சி இயக்குநீரை உரியவாறு கண்டறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். பிஜிஏ டூர் அதைத் தொடங்கியது 2017 இறுதியில்தான். அதுவரை சிறுநீரை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டம் தூய்மையானது என்று மார்தட்டியது அறிவியலாகாது, விளம்பரம்.

பிடிபடுபவர் எல்லாம் மோசடிக்காரர் என்பது இதற்கு நேர் எதிரான மூடநம்பிக்கை. பிஜிஏ டூரின் விதிப்படி முதன்முதலில் 2009 நவம்பரில் ஓராண்டு தடை பெற்ற டக் பாரன், இதய வால்வுக் கோளாறுக்காக இளவயது முதல் புரோப்ரனலாலும், இயக்குநீர்க் குறைபாட்டுக்காக டெஸ்டோஸ்டிரோனும் மருத்துவர் சொல்லி எடுத்துவந்தவர். நோய்க்காகத் தடைப்பொருளை எடுக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே பெறவேண்டிய அனுமதிக்குச் சிகிச்சைக்கான விலக்கு என்று பெயர். அவர் அதைக் கேட்டார், மறுக்கப்பட்டது. அவர் 2019இல் ஐம்பது வயது கடந்தோர் தொடரில் பட்டம் வென்றார். டிஹெச்இஏ என்னும் இயக்குநீர் மருத்துவர் பரிந்துரைத்த துணைப்பொருளில் இருந்ததை அறிந்ததும் தாமே முன்வந்து சொன்ன ஸ்காட் ஸ்டாலிங்ஸுக்கு 2015இல் மூன்று மாதத் தடை கிடைத்தது. அவருடைய பரிசோதனை முடிவில் ஒன்றும் தெரியவில்லை.

இயற்கையில் கிடைப்பது தீங்கற்றது, அதனாலேயே விதிக்கு உட்பட்டது என்னும் நம்பிக்கையைக் கலைக்க விஜய் சிங்கின் வழக்கு ஒன்று போதும். ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளியினரான அவர், மான் கொம்பிலிருந்து எடுத்த தெளிப்பு மருந்தைப் பயன்படுத்தியதாக 2013இல் சொன்னதும், அதில் தடைசெய்யப்பட்ட ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணி இருப்பதாகக் கூறித் தண்டனைக்கு ஏற்பாடாயிற்று. அந்தப் புரதம் வாய்வழியாகப் போனால் செரிமானத்தில் சிதைந்துவிடும் என்பதை முதலாண்டு மருத்துவ மாணவரும் சொல்லியிருப்பார். சில மாதங்களிலேயே, பரிசோதனையில் தடைப்பொருள் தெரிந்தாலன்றி அத்தெளிப்பு குற்றமாகாது என்று வாடா கூற, குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கோ 2018இல்தான் சமரசத்தில் முடிந்தது. பயனற்ற பொருளை விற்றவர்கள் லாபம் பார்த்தார்கள் என்பதே இதில் மிஞ்சிய செய்தி. மருத்துவர் சீட்டு இருந்தால் கஞ்சா செல்லுபடியாகும் என்பதும் அப்படியே: 2019இல் ராபர்ட் காரிகஸ், மாட் எவரி ஆகிய இருவரும் அதற்காகத் தடை பெற்றனர்.

உண்மையில் கோல்ஃப் வீரர்களை வருத்தும் மருந்துகள் பல தடைப்பட்டியலிலேயே இல்லை. 2017 மே மாதம் ஃபுளோரிடாவில் காருக்குள் உறங்கிய நிலையில் டைகர் உட்ஸ் கைது செய்யப்பட்டபோது மூச்சில் மதுவின் சுவடே இல்லை. பின்னர் வெளியான ஆய்வறிக்கையில் இரண்டு வலிநீக்கி ஓப்பியாய்டுகளும், பதற்றம் தணிக்கும் மாத்திரையும், தூக்க மாத்திரையும், கஞ்சாவின் வேதிப்பொருளும் இருந்தன. அதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்னர்தான் அவருக்கு நான்காவது முதுகு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வலியோடு ஆடும் தொழில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் காட்ட முடியாது. டிராமடால் என்னும் ஓப்பியாய்டைப் போட்டி நாள்களில் வாடா தடை செய்தது 2024 ஜனவரியில்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலிநீக்கிகளுக்குத் தடையே இல்லை. தடை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எண்ணி, வெயிலில் நீரிழந்த உடலோடு ஆட்டத்துக்கு முன் ஒன்று, இடையில் ஒன்று, முடிந்ததும் ஒன்று என்று விழுங்குபவர்கள், சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பணயம் வைக்கிறார்கள்.

இந்தியாவில் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் 2022இல் வந்துவிட்டது. மருந்துக்கடையின் பழக்கம் மட்டும் மாறவில்லை. மருத்துவர் சீட்டின்றிக் கேட்டதைக் கொடுப்பதும், அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளை மட்டும் கத்தரித்துத் தாள் உறையில் போட்டு நீட்டுவதும், வாங்கியவர் மருந்தின் பெயரைக்கூட அறியாமல் விழுங்குவதும் இன்றும் நடக்கின்றன. பரிசோதனையில் சிக்கினால், உடலுக்குள் சென்றதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. தெரியாது என்ற பதில் தண்டனையைக் குறைக்கலாம், நீக்காது. ஆகவே போட்டியில் ஆடுபவராயினும், முட்டிவலிக்கு மாத்திரை தேடும் சாமானியராயினும், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்ட பகுதியோடு அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்க மறுக்கும் கடையில் வாங்கக் கூடாது.