உங்க லேப்டாப் எதுக்காகக் காத்திருக்கு?

செமஸ்டர் ஆரம்பிச்சதும் ஜூனியர்கள்கிட்டேர்ந்து ரெண்டு கேள்வி கட்டாயம் வரும். ஒண்ணு, "அண்ணா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" இன்னொண்ணு, "இருக்கிறது ரொம்ப ஸ்லோவா இருக்கு, புதுசு வாங்கிடலாமா?" ரெண்டுக்கும் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: உங்க மெஷின் எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னு பாத்தீங்களா?

நம்மில் பல பேருக்கு லேப்டாப் என்பது வீட்டில் நகையை வச்சோ, இஎம்ஐ போட்டோ வர்ற பொருள். அறுபது, எழுபதாயிரம் செலவு பண்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் அளந்து பார்க்கலாமே! சாஃப்ட்வேர் வேலையில் எங்களுக்குப் பாதி நேரம் இதுலதான் போகுது. புரோகிராம் மெதுவா ஓடினா ஊகிக்கக் கூடாது, அளக்கணும். அதையே லேப்டாப்புக்கும் செய்வோம்.

ஒரு சின்னக் கணக்கு

3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு ஒரு கிளாக் சுழற்சி என்பது ஒரு நானோ விநாடியில் மூணில் ஒரு பங்கு. ரேமிலிருந்து ஒரு டேட்டா வர சுமார் 100 நானோ விநாடி ஆகும். எஸ்எஸ்டி-யிலிருந்து வர சுமார் 0.1 மில்லி விநாடி. ஹார்ட் டிஸ்க் கதை வேற. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுத்தும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியா அரைச் சுற்று, ஹெட் நகர இன்னொரு 10 மில்லி விநாடி. மொத்தம் சுமார் 15 மில்லி விநாடி.

இந்த எண்களை அப்படியே படிச்சா எல்லாமே சின்னதாத் தெரியும். அதனால ப்ராசசரின் ஒரு சுழற்சியை ஒரு முழு விநாடின்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போடுங்க. ரேமுக்குக் காத்திருப்பது 5 நிமிஷம். எஸ்எஸ்டி-க்கு மூணரை நாள். ஹார்ட் டிஸ்குக்கு? கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம்!

ஹார்ட் டிஸ்க் போட்ட மெஷினில் விண்டோஸ் பூட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் படிக்கப்படுது. ப்ராசசர் எவ்வளவு வேகமா இருந்தாலும் அந்த நேரத்துல அதுக்குச் செய்ய ஒண்ணும் இல்லை.

ஆம்டால் சொன்னது

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல ஆம்டால் விதியைப் படிச்சிருப்பீங்க. 1967-ல் ஜீன் ஆம்டால் முன்வச்ச வாதம் அது. அஞ்சு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்திருப்போம். உண்மையில் கடைக்குப் போகும்போதுதான் அது அதிகமா உதவும்.

ஒரு புராஜெக்ட் பில்ட் ஆக 10 நிமிஷம் ஆகுதுன்னு வைங்க. அதில் 2 நிமிஷம் ப்ராசசர் வேலை, 8 நிமிஷம் டிஸ்குக்குக் காத்திருப்பு. ப்ராசசரை ரெண்டு மடங்கு வேகமானதா மாத்தினா 1 + 8 = 9 நிமிஷம். ப்ராசசரைத் தொடாம டிஸ்கை மட்டும் 10 மடங்கு வேகமாக்கினா 2 + 0.8 = 2.8 நிமிஷம். அதாவது, எந்தப் பகுதி அதிக நேரம் தின்னுதோ அதைச் சரிபண்ணாம வேற எதை மாத்தினாலும் பலன் கொஞ்சம்தான்.

அளப்பது எப்படி?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வச்சுட்டு, எப்பவும் செய்ற வேலையைச் செய்யுங்க. மெஷின் திணறும் நேரத்துல பாருங்க.

1. மெமரி 90 சதவீதத்துக்கு மேல, டிஸ்கும் 100: ரேம் பத்தலை. இடமில்லாம டிஸ்கை ரேம் மாதிரி பயன்படுத்துது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர், குரோம் மூணும் சேர்ந்து ஓடும்போது 8 ஜிபி மெஷினில் இதைப் பார்க்கலாம். ரேம் சேர்க்கணும்.

2. மெமரி காலியா இருக்கு, ஆனா டிஸ்க் 100: டிஸ்க் நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஓய்வே இல்லாம வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஹார்ட் டிஸ்கா இருந்தா எஸ்எஸ்டி-க்கு மாறுங்க.

3. எல்லா கோரும் நீண்ட நேரம் 100: இப்போதான் உண்மையிலேயே ப்ராசசர் பத்தலை.

4. மொத்தம் 12 சதவீதம்தான், ஆனா புரோகிராம் மெதுவா ஓடுது: எட்டு லாஜிக்கல் ப்ராசசர்ல ஒண்ணு மட்டும் உழைக்குது. உங்க கோடு ஒரே த்ரெட்ல ஓடுது. 16 கோர் வாங்கினாலும் மத்த 15 சும்மாதான் இருக்கும்.

5. முதல் பத்து நிமிஷம் வேகம், அப்புறம் சோர்வு: சூடு. சூடு ஏறினா ப்ராசசர் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். ஃபேனில் தூசி அடைச்சிருக்கான்னு பாருங்க. மெத்தை மேல வச்சு ஓட்டுறதை நிறுத்துங்க.

6. எதுவுமே நிறையலை, வெப்சைட் மட்டும் திறக்கலை: ஹாஸ்டல் வைஃபையைப் பாருங்க, லேப்டாப் பாவம்!

லினக்ஸ்காரங்க டாப் கமாண்டைப் போட்டு 'டபிள்யூஏ' என்ற எண்ணைப் பாருங்க. டிஸ்க் மாதிரியான சாதனங்களுக்காக ப்ராசசர் காத்திருந்த நேரம் அது.

பெட்டி மேல இருக்கிற எண்கள்

ஐ7 என்றாலே ஐ5-ஐ விட வேகம்னு நினைக்காதீங்க. இன்டெல் ஏழாம் தலைமுறையில் ஐ7-7500யு சிப்புக்கு 2 கோர். ஐ5-7300எச்கியூ சிப்புக்கு 4 கோர். முதலாவது 15 வாட், ரெண்டாவது 45 வாட் வடிவமைப்பு. கடைசியில் இருக்கும் எழுத்தையும் சேர்த்துப் படிக்கணும்.

கிகாஹெர்ட்ஸும் தனியா நின்னு எதையும் சொல்லாது. 2004-லேயே பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டாச்சு. அதுக்கு மேல கிளாக்கைக் கூட்டினா சூட்டைச் சமாளிக்க முடியலை. அதனாலதான் அடுத்த வருஷமே ரெண்டு கோர் சிப்கள் வந்தது.

இப்போ புது மோகம் ஏஐ லேப்டாப். மைக்ரோசாஃப்ட் 2024-ல் அறிவிச்ச கோபைலட் பிளஸ் லேப்டாப்களுக்கு 40 டாப்ஸுக்கு மேல திறன் உள்ள என்பியு வேணும். என்பியு நல்ல விஷயம்தான், குறைஞ்ச மின்சாரத்துல ஏஐ வேலைகளைச் செய்யும். ஆனா அதுக்குன்னு எழுதின சாஃப்ட்வேர் மட்டுமே அதைப் பயன்படுத்தும். மெஷின் லேர்னிங் புராஜெக்டுக்கு மாடல் ட்ரெயின் பண்ண நம்ம லேப்ல பெரும்பாலும் பயன்படுத்துறது என்விடியா ஜிபியு-வின் கூடா. ஜிபியு இல்லாதவங்க கூகுள் கோலாப்ல இலவசமா ஆரம்பிக்கலாம். அதனால ஏஐ ஸ்டிக்கருக்காக இருபதாயிரம் கூடக் கொடுக்காதீங்க என்பது என் கருத்து.

பழைய மெஷினைத் தூக்கிப் போடாதீங்க

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், ப்ராசசரும் அவங்க பட்டியலில் இருக்கணும். இந்தத் தகுதி இல்லாத நல்ல லேப்டாப்கள் நிறைய இருக்கு. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏத்தினா சி, பைத்தான், ஜாவா லேப் வேலைக்குத் தாராளமாப் போதும். 2011-ல் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, அதில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்கா, அண்ணனுக்குக் கிடைச்ச அந்த மெஷின் இன்னும் பரண்ல இருந்தா இறக்கிப் பாருங்க. புராஜெக்டுக்கு இல்லைன்னாலும், லினக்ஸ் சர்வர் அமைச்சுப் பழக அருமையான பொருள். கெட்டுடுமோன்னு பயப்படாம கை வைக்கலாம்.

புதுசுதான் வேணும்னா

மூணாவது காரணம் உங்களுக்குப் பொருந்தினா தயங்காம வாங்குங்க. கேட், சிமுலேஷன், வீடியோ வேலை செய்றவங்களுக்கு அது செலவு இல்லை, தேவை. கடையில் இதைக் கேளுங்க: ரேம் போர்டுலேயே சாலிடர் பண்ணியிருக்கா, பின்னாடி கூட்ட முடியுமா? எஸ்எஸ்டி-க்கு இன்னொரு ஸ்லாட் இருக்கா? பேட்டரி நம்ம ஊர்லேயே மாத்தக் கிடைக்குமா? நாலு வருஷம் ஓடப் போற மெஷினுக்கு இந்த மூணு பதிலும் முக்கியம்.

இன்னிக்கு ராத்திரி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, திணறும் நேரத்து எண்களை ஒரு பேப்பர்ல குறிச்சு வையுங்க. ஒரு வாரம் செய்யுங்க. அப்புறம் வீட்டுல பணம் கேட்கும்போது, அந்தப் பேப்பரையும் அப்பாகிட்டக் காட்டுங்க.