குதிரையின் தாங்குநாரும் இரண சிகிச்சையும்

நம் தருமபுரிச் சீமைக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் தம் படைக்கு வேண்டும் குதிரைகளை வளர்க்கும்பொருட்டு ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு பண்ணையை நிறுவினர். 1965-இல் சேலத்தினின்றும் பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் ஓசூரும் அடங்கியிருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதனோடு சென்றது. படைக்குதிரை மறைந்துவிட்டது, வண்டிக்குதிரையும் அருகிவிட்டது. ஆயினும் குதிரை வைத்திருப்போர் இன்றும் உளர். அதன் கால்நார் பழுதுற்றதென்று கேள்வியுற்ற அளவில் அவர்களை வருத்தும் வினா ஒன்றே: அறுப்பதா, பொறுப்பதா? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்கு ஒப்பான மூட்டாகும். அதற்குக் கீழே இயங்குதற்குரிய தசை இல்லை. எலும்பும் நாரும் தோலுமே உள்ளன. கால் எலும்பின் பின்புறத்தை ஒட்டி இறங்கும் நார் ஒன்று, கீழே இரு கிளையாகப் பிரிந்து, குளம்பின் மேற்கணுவுக்குப் பின்னுள்ள இரு சிற்றெலும்புகளைப் பற்றுகின்றது. தூளியைக் கயிறு தாங்குவதுபோல இந்நார் அக்கணுவைத் தாங்கி நிற்றலின், இதனைத் தாங்குநார் என்று வழங்குவோம். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது அக்கணு நிலத்தைத் தொடுமளவு தாழும். அப்போது இந்நாரின்மீது பெரும் பாரம் விழுகின்றது.

அறுந்த நார் முன்போல் ஆவதில்லை. அறுந்த இடத்தைத் தழும்பு நிரப்புகின்றது. தழும்புக்கு வலிமை உண்டு, நீண்டு சுருங்கும் தன்மை குறைவு. கத்தி இந்நாரை ஒட்டவைப்பதன்று என்பதே முதற்கண் உணரத்தக்கது. அது செய்யக்கூடியது, நெருக்குண்ட இடத்தை அகலச் செய்வதும் வலியை எடுத்துச்செல்லும் நரம்பை அகற்றுவதுமே.

ஆதலின் எந்தக் கால் என்று வினவாமல் விடை கூறலாகாது. முன்னங்காலில் தாங்குநாரின் மேல்முனை பழுதுற்றால், சில மாத ஓய்வாலும் படிப்படியாகக் கூட்டும் நடையாலும் பெரும்பாலான குதிரைகள் தேறிவிடுகின்றன. அங்கே கத்திக்கு வேலை மிகக் குறைவு. பின்னங்காலிலோ அம்முனை இரு பக்கத்து எலும்புகளுக்கும் தடித்த ஒரு சவ்வுக்கும் நடுவே சிறைப்பட்டுக் கிடக்கின்றது. நார் வீங்கினால் விரிய இடமில்லை; அருகே செல்லும் நரம்பு நசுங்குகின்றது. ஓய்வு மட்டும் இங்கே போதுவது அரிது. சவ்வைக் கீறி நரம்பின் கிளையை அகற்றும் சிகிச்சை இதன்பொருட்டே தோன்றியது. 2003 முதல் 2008 வரை இங்கிலாந்தில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 155 குதிரைகளைப் பற்றிய அறிக்கை 2012-இல் வெளிவந்தது. இந்நோய் ஒன்றே உடையவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 78 முழு வேலைக்குத் திரும்பி ஓராண்டுக்கு மேல் நிலைத்தன. பின்னங்காலின் மேல்மூட்டு வளைவின்றி நேராக இருந்து, கீழ்க்கணு தாழ்ந்து தொங்கும் குதிரைக்கு இச்சிகிச்சை தகாதென்று விலக்கப்படுகின்றது.

இவ்வெண்ணைக் கண்டு அவசரப்படலாகாது. குதிரையைக் கிடத்தி மயக்கமருந்து கொடுப்பதே ஓர் இடர். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான அறிக்கையின்படி, வயிற்றுவலி நோய்க்காக அன்றிப் பிற காரணத்துக்காக மயக்கப்பட்டவற்றுள்ளும் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக இறந்தன. சில, தெளிந்து தள்ளாடி எழும்போதே கால் முறிந்து மாண்டன. வலி போனபின் வேறொரு கேடும் உண்டு. வலி என்பது காலுக்கு அமைந்த காவலன். காவலனை நீக்கிவிட்டு நார் ஆறுமுன் ஓட்டினால், குதிரை தன் காலைத் தானே கெடுத்துக்கொள்ளும். உணர்விழந்த காலோடு குதிரையைப் போட்டிக்கு விடலாகாதென்று பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு விதித்திருப்பது இதனாலேயே.

நம் பக்கத்தார்க்கு வழித்தொல்லையும் உண்டு. கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் 1903 முதலும், நாமக்கல்லில் 1985 முதலும் இருக்கின்றது. நாமக்கல் அண்மையதே, எனினும் தருமபுரியிலிருந்து செல்வோர் தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். லாரியில் நிற்கும் குதிரை ஒவ்வொரு வளைவிலும் தன் நான்கு கால்களாலேயே உடலை நிலைநிறுத்துகின்றது. நொந்த காலுக்குக் கட்டுப்போடாமல் புதுக்காயத்தோடு ஏற்றிச்செல்லுதல் தகாது.

சூட்டுக்கோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்நார் நோய்க்குச் சூடுபோடும் வழக்கம் நம் நாட்டிலும் மேனாட்டிலும் நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்து, சூட்டினால் நார் ஆறுவதற்கு நன்மை இல்லையென்று 1983-இல் வெளியிட்டனர். சுட்டபின் கொடுத்த நீண்ட ஓய்வின் பெருமையை இரும்பு தனதாக்கிக்கொண்டது போலும்!

ஆகவே முதலில் நோயின் இடத்தை அறிதல் வேண்டும். காலின் கீழிருந்து மேலாக நரம்புகளை ஒவ்வொன்றாக மரக்கச் செய்து, எவ்விடத்தில் நொண்டல் நீங்குகின்றதென்று பார்ப்பர். பின்பு ஸ்கேன் கருவியால் நாரின் நிலையைக் காண்பர். இவை இரண்டும் செய்யாமல் அறுக்கச் சொல்வோரை நாம் நம்பமாட்டோம். அடுத்து, குதிரைக்காரர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. அறுத்தாலும் அறுக்காவிட்டாலும் பல மாத ஓய்வு தவறாது. பழுது பெரிதாயின் ஓராண்டும் ஆகும். உழைத்துத் தன் கொள்ளைத் தானே தேடிய குதிரைக்கு அத்தனை நாளும் தீனி போட வல்லமோ? நொண்டும் விலங்கை வேலை வாங்குதல் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஓய்வு கொடுக்க இயலாதவர் சிகிச்சைக்குச் செலவிடும் பணம் வீண். அவர் குதிரையைப் பேணவல்லார் ஒருவரிடம் ஒப்புவித்தலே நேர்மை என்பது நம் கருத்து.

ஓய்வு கொடுக்க வல்லவர்க்கு முன்னங்கால் நோயாயின் காத்திருக்கவே சொல்வோம். பின்னங்கால் நோய் உறுதியாகி, காலமைப்பும் செவ்விதாயிருந்து, ஓய்வாலும் நொண்டல் நீங்காதாயின் அறுத்தலே தக்கது. ஐயமுள்ள இடத்தில் குதிரையைக் கொட்டிலில் நிறுத்தி, நாள்தோறும் சில நிமிடம் கையிற்பிடித்து நடத்தி, மூன்று மாதங் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.