ஓடுங்கள், காட்டையும் காப்போம்: மெய்நிகர் நிதித்திரட்டு ஓட்டத்திற்குப் பாதுகாப்பாகத் தயாராகுங்கள்

மெய்நிகர் ஓட்டம் என்றால் என்ன?

எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடி ஓடத் தேவையில்லை. பதிவு செய்துகொண்டு, உங்களுக்கு ஏற்ற நேரத்திலும் இடத்திலும் ஓடலாம் அல்லது நடக்கலாம். கைத்தொலைபேசிச் செயலியோ கைக்கடிகாரமோ தூரத்தைப் பதிவுசெய்யும். சில ஓட்டங்களில் மொத்தத் தூரத்தைப் பல நாள்களுக்குப் பிரித்தும் முடிக்கலாம். திரட்டப்படும் நிதி மரம் நடுதல், காட்டுப் பாதைகளைப் பராமரித்தல் போன்ற பணிகளுக்கு உதவும்.

காட்டிற்கு ஏன் உதவி தேவை?

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியை எடுத்துக்கொள்வோம். ஏராளமானோர் நடந்ததால் பாதைகள் தேய்ந்தன, மண் அரித்தது. சீரமைப்புப் பணிகளுக்காக 2014ல் மூடப்பட்ட அந்தக் குன்று, 2016ல்தான் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. நமக்கு நிழல் தரும் காட்டுக்கும் ஓய்வும் பராமரிப்பும் தேவை. 2020ல் தொடங்கிய ஒரு மில்லியன் மரங்கள் இயக்கமும் பொதுமக்களின் பங்களிப்பை நம்பியே நடைபெறுகிறது.

உங்கள் உடலுக்கு என்ன நன்மை?

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடற்பயிற்சி செய்வது நல்லது. ஒரு நாளைக்கு 30 நிமிட விறுவிறுப்பான நடை, வாரம் ஐந்து நாள் என்றால் 150 நிமிடம் ஆகிவிடும். நடக்கும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் வேகம் மிதமாக இருக்கிறது என்று பொருள்.

முக்கியமான ஒரு வேறுபாடு

வழக்கமான ஓட்டப்பந்தயத்தில் வழியெங்கும் தண்ணீர் இருக்கும். முதலுதவிக் குழுவும் இருக்கும். மெய்நிகர் ஓட்டத்தில் இவை இரண்டும் இல்லை. மயங்கி விழுந்தால் பக்கத்தில் யாரும் இல்லாமல் போகலாம். ஆகவே, அந்தப் பொறுப்பை நீங்களே முன்கூட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

புறப்படும் முன்

• இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இனிப்பு ஏதாவது கையில் வைத்திருங்கள்.
• காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்று ஓட வேண்டாம்.
• எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். துணையோடு போவது இன்னும் நல்லது.
• காலை அல்லது மாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.
• புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால், நீண்ட நேரக் கடும் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் இருந்தால் உடனே கட்டடத்துக்குள் செல்லுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதல் இரண்டு வாரம் நடை மட்டும் போதும். அடுத்து, 1 நிமிட மெதுவோட்டம், 2 நிமிட நடை என்று மாறி மாறிச் செய்யுங்கள். பிறகு ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சமதளமான பூங்கா இணைப்புப் பாதைகளும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் தொடக்கத்திற்கு ஏற்றவை. மெக்ரிட்சி காட்டுப் பாதையில் வேர்களும் கற்களும் உண்டு. அங்கே வேகம் வேண்டாம்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் நிறுத்துங்கள்

தலைசுற்றல், குமட்டல், நெஞ்சு வலி, அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல்.

ஒருவர் குழப்பமாகப் பேசினாலோ நினைவிழந்தாலோ உடனே 995ஐ அழையுங்கள். அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

காட்டிற்குள் நல்ல விருந்தாளியாக

• குறிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாதீர்கள். குறுக்கு வழி, இளஞ்செடிகளை மிதித்துவிடும்.
• குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்.
• குப்பையை உங்களோடு எடுத்து வாருங்கள்.

பணம் கட்டும் முன்

ஏற்பாட்டாளர் யார், கட்டணத்தில் எவ்வளவு காட்டுப் பணிக்குச் செல்கிறது என்று பாருங்கள். பதக்கமும் சட்டையும் வேண்டாம் என்று சொல்ல வாய்ப்பு இருந்தால், அதைப் பயன்படுத்தலாம்.

ஓட்டம் முடிந்த பிறகும் நடையை விட்டுவிடாதீர்கள். அடுத்த வாரமும் அதே பாதைக்குச் செல்லுங்கள். இம்முறை குடும்பத்தாரையும் அழைத்துச் செல்லுங்கள்.